சண்டை நடக்கும் ஊரும் சண்டைக்காரர் வளரும் ஊரும்: குமரி மாவட்டத்தில் எம்எம்ஏ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலைப் பக்கம் ஒரு களரியில் நம் ஊர்த் தற்காப்புக் கலையான அடிமுறையின் காலடி வரிசைகளான ஒற்றைச் சுவடும் கூட்டச் சுவடும் பழகி வளர்ந்தவன் நான். இப்போது நாகர்கோவிலில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடியில் மேட் விரித்து, குத்துச்சண்டையையும் மல்யுத்தத்தையும் தரைப்பிடியையும் சேர்த்த எம்எம்ஏவைச் (கலப்புத் தற்காப்புக் கலை) சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். மூத்த ஆசான்களும் கன்னியாகுமரியில் விடுதி நடத்தும் நண்பர்களும் கேட்டவை இடையில் வருகின்றன. கேள்விகளில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை என்பதால் பதில்களும் பெரும்பாலும் பணத்தைப் பற்றியே அமைந்திருக்கின்றன.

எம்எம்ஏ என்பது விதியில்லாத அடிதடிதானே?

இல்லை. குத்துச்சண்டை, தாய்லாந்துக் குத்துச்சண்டையான முவாய் தாய், மல்யுத்தம், ஜூடோ, பிரேசிலிய ஜியு-ஜிட்சு ஆகியவற்றின் அடி, உதை, எறிதல், பூட்டு, கழுத்துப்பிடி எல்லாவற்றையும் ஒரே போட்டிக்குள் அனுமதிக்கும் விளையாட்டு அது. சாதாரணப் போட்டிக்கு ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று, பட்டப் போட்டிக்கு ஐந்து. கண்ணில் விரல் விடுவது, கடிப்பது, பின்மண்டையில் அடிப்பது, விழுந்து கிடப்பவரின் தலையில் உதைப்பது ஆகியவை குற்றங்கள். எதிராளி தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டினால் அந்த நொடியே பிடியை விட வேண்டும்.

விதியில்லாத அடிதடி என்ற பெயர் வந்ததற்கும் காரணம் உண்டு. 1993 நவம்பர் 12 அன்று, இன்று எம்எம்ஏவின் மிகப் பெரிய நிறுவனமான யூஎஃப்சியின் முதல் போட்டி அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்தபோது எடைப் பிரிவு கிடையாது, சுற்றுக் கணக்கில் வெற்றியைத் தீர்மானிக்கும் நடுவர்களும் கிடையாது. ஒரே இரவில் பலரைச் சந்தித்து, தன்னைவிடப் பெரிய ஆட்களையும் பிடியில் மடக்கி, பிரேசிலின் ராய்ஸ் கிரேசி வென்றார். அந்தப் போட்டிக்கு டென்வரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஊரின் அழகு காரணமன்று. கொலராடோ மாநிலத்தில் அப்போது குத்துச்சண்டையைக் கண்காணிக்கும் ஆணையமே இல்லாததால், தடுப்பதற்கும் கேட்பதற்கும் அங்கே ஆளில்லை.

விளையாட்டை வளர்ப்பவர்கள் வீரர்கள். ஒரு நகரம் அதை எப்படி உருவாக்க முடியும்?

வீரர் சண்டையைத்தான் உருவாக்குகிறார். அந்தச் சண்டையை விளையாட்டாக்குவது எந்த ஊர் எதை அனுமதிக்கிறது என்பதே. டென்வரைத் தொடர்ந்து என்ன நடந்தது என்று பார்த்தால் இது விளங்கும். செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதச் சேவற்சண்டை என்று கண்டித்தார். மாநிலம் மாநிலமாகத் தடை வந்தது. 1997இல் நியூயார்க்கும் தடை விதித்தது. அலபாமா, லூசியானா போன்ற மாநிலங்களின் சிறு அரங்குகளுக்குள் போட்டிகள் ஒதுங்கின. 2000, 2001ஆம் ஆண்டுகளில் நியூஜெர்சி மாநிலத்தின் ஆணையம் உட்கார்ந்து பொது விதிகளை வகுத்தபிறகுதான் எடைப் பிரிவுகளும், கையுறை அளவும், குற்றங்களின் பட்டியலும் நிலைபெற்றன. இன்று உலகில் பெரும்பாலான எம்எம்ஏ கூண்டுகளில் (சண்டை நடக்கும் கம்பிவலை அரங்குகளில்) செல்லுபடியாவது அந்த விதிகளும் அவற்றைத் தழுவியவையுமே.

நியூயார்க் 2016இல்தான் தடையை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த போட்டியில் நுழைவுச்சீட்டு விற்பனை மட்டும் 1.77 கோடி டாலரை எட்டியது. தடையை நீக்கிய அதே சட்டம், உயிருக்கு ஆபத்தான மூளைக்காயத்துக்கு ஒவ்வொரு வீரருக்கும் பத்து லட்சம் டாலர் காப்பீடு எடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. வீரரின் பக்கம் நின்று பார்த்தால் இது மிகச் சரியான விதி. ஆனால் பெரிய நிறுவனம் எளிதாகக் கட்டிய அந்தப் பிரீமியத்தைச் சிறிய குத்துச்சண்டை அமைப்பாளர்களால் கட்ட முடியவில்லை. அந்த மாநிலத்தில் சிறு போட்டிகள் குறைந்துபோயின. ஒரு வரி சட்டம் ஒரு நகரத்தின் சண்டைத் தொழிலை இப்படி மேலே பெரிதாகவும் கீழே மெலிந்ததாகவும் ஆக்கிவிட முடிகிறது.

லாஸ் வேகாஸ் இதில் எப்படிச் சம்பாதிக்கிறது?

இந்தக் கேள்விக்கு நீண்ட பதில் சொல்ல வேண்டும். முதலில் ஓர் எண்ணிக்கை: லாஸ் வேகாஸ் நகரம் அடங்கிய கிளார்க் கவுண்டியின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 22.6 லட்சம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம். ஆள் எண்ணிக்கையில் நாம் அவ்வளவு தொலைவில் இல்லை. ஆனால் அங்கே ஏறத்தாழ ஒன்றரை லட்சம் விடுதி அறைகள் இருக்கின்றன. அந்த அறைகள் ஒவ்வொரு வார இறுதியிலும் நிரம்ப வேண்டும். அந்த ஊர் சண்டையைப் பார்ப்பது அறையை நிரப்பும் வழியாகத்தான்.

2001 ஜனவரியில் யூஎஃப்சி நிறுவனத்தை 20 லட்சம் டாலருக்கு வாங்கியவர்கள் லாஸ் வேகாஸில் சூதாட்ட விடுதிகள் நடத்திய பெர்டிட்டா சகோதரர்கள். அவர்களில் லொரென்சோ பெர்டிட்டா அதற்கு முன் நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையத்திலேயே உறுப்பினராக இருந்தவர். ஆகவே ஆணையத்தின் மொழியும் விடுதித் தொழிலின் மொழியும் அவருக்குத் தெரிந்திருந்தன. முந்தைய நிர்வாகிகள் விதியில்லாத இடத்தைத் தேடி ஓடினார்கள். இவர்கள் விதியுள்ள இடத்தைத் தேடி வந்தார்கள். நெவாடா அதே ஆண்டு அனுமதி தந்தது. செப்டம்பரில் மாண்டலே பே விடுதியில் போட்டி நடந்தது. 2005இல் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் இறுதிப் போட்டியில் பாரஸ்ட் கிரிஃபினும் ஸ்டீபன் பொன்னரும் மோதிய சண்டை இந்த விளையாட்டை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தது. 2016இல் அதே நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டாலருக்குக் கைமாறியது.

இனி ஓர் இரவுக் கணக்கு. 2018 அக்டோபர் 6 அன்று டி-மொபைல் அரங்கில் கபீப் நுர்மகமதோவும் கானர் மெக்ரிகரும் மோதியபோது நுழைவுச்சீட்டு வருமானம் 1.72 கோடி டாலர். நெவாடா சட்டப்படி சண்டைப் போட்டிகளின் சீட்டு வருமானத்தில் 8 விழுக்காடு மாநிலத்துக்குக் கட்டணமாகச் செல்கிறது. அந்த ஓர் இரவில் அது ஏறத்தாழ 13.8 லட்சம் டாலர் ஆகிறது. இது கணக்கில் தெரிகிற பணம். பார்க்க வந்தவர்கள் தங்கிய அறை, குடித்தது, சாப்பிட்டது, சூதாட்ட மேசையில் விட்டது, சண்டையின் மீது சட்டப்படி கட்டிய பந்தயம் ஆகியவை இதில் சேரவில்லை. நம் நாட்டில் சண்டையின் மீது பந்தயம் கட்டுவதற்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எனவே லாஸ் வேகாஸின் கணக்கில் ஒரு பெரும்பகுதி நமக்குத் தொடக்கத்திலேயே பொருந்தாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூஎஃப்சியின் தலைமையகம் லாஸ் வேகாஸில் இருக்கிறது. 2017இல் வீரர்களுக்கான பயிற்சி, உடலியல் மையமும் 2019இல் தனக்கென ஒரு சிறிய அரங்கமும் அங்கே கட்டப்பட்டன. ஆகவே தோள்பட்டை அறுவை செய்யும் மருத்துவர், உணவு நிபுணர், வழக்கறிஞர், ஒளிப்பதிவாளர், வாடகை வீடு தேடும் இளம் வீரர் எல்லாரும் ஒரே ஊரில் குவிகிறார்கள். பெரிய சண்டை இல்லாத வாரத்திலும் ஊருக்கு வருமானம் வருவது இந்தக் குவிப்பினால்தான்.

அந்தப் பணத்தில் வீரருக்கு எவ்வளவு கிடைக்கிறது?

குறைவாகவே. யூஎஃப்சியின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே வீரர்களுக்குச் செல்கிறது என்பது, முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கின்போது வெளியே தெரிந்தது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் தங்கள் தொழிற்சங்கத்தின் பேரத்தால் ஏறத்தாழ பாதி வருமானத்தைப் பெறுகிறார்கள். 2014இல் தொடுக்கப்பட்டு லாஸ் வேகாஸ் நீதிமன்றத்தில் நடந்த அந்த வழக்கில் 37.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் இறுதி ஒப்புதல் அளித்தது. அதே 2025இல் பாராமவுண்ட் நிறுவனத்துடன் ஏழு ஆண்டு ஒளிபரப்புக்காக 770 கோடி டாலருக்கு யூஎஃப்சி ஒப்பந்தம் செய்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெயர் பெறாத வீரரின் ஒப்பந்தம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: கூண்டுக்குள் ஏறுவதற்கு ஒரு தொகை, வென்றால் அதே அளவு இன்னொரு தொகை. அதிலிருந்து பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும் பங்கு, பயிற்சிக் கூடச் செலவு, வரி. ஆண்டுக்கு இரண்டு மூன்று சண்டைகளே கிடைக்கும். தோற்றால் பாதிப் பணம். அடிபட்டால் அடுத்த சண்டை எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது.

அபுதாபி, பெர்த் போன்ற ஊர்கள் ஏன் பணம் கொடுத்துப் போட்டியை அழைக்கின்றன?

அவர்களுக்கு அது விளம்பரச் செலவு. அபுதாபியில் 2010இலேயே யூஎஃப்சி நடந்தது. 2019இல் அங்குள்ள பண்பாடு, சுற்றுலாத் துறை ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. 2020இல் பெருந்தொற்றால் உலகமே முடங்கியபோது அங்குள்ள யாஸ் தீவில் பாதுகாப்பு வளையம் அமைத்துப் போட்டிகள் நடத்தியதில் அந்தத் தீவின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2023இல் பெர்த் நகருக்குப் போட்டியைக் கொண்டுவந்ததும் இதே எண்ணத்தில்தான். எண்ணெய் வருமானமோ சுரங்க வருமானமோ உள்ள அரசுகள் செய்யக்கூடிய செலவு இது. நம் மாவட்டத்தில் மீன்பிடித் துறைமுகமும் கடலரிப்புத் தடுப்பும் காத்திருக்கும்போது இதைக் கேட்பது நியாயமாகாது.

சண்டைக்காரர் வளரும் ஊருக்கு என்ன கிடைக்கிறது?

இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. மேலே சொன்ன கபீப், ரஷ்யாவின் தாகெஸ்தான் மலைப்பகுதியில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். தந்தை அப்துல்மனாப்தான் ஆசான். அங்கே மல்யுத்தம், நம் ஊரில் ஒரு காலத்தில் களரி இருந்ததுபோல், தெருவுக்குத் தெரு பழகுவது. ஆனால் அவர் தன்னை முழுமையாக்கிக்கொள்ளக் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரிலுள்ள பயிற்சிக் கூடத்துக்குப் போனார். பெரும் பணம் ஈட்டிய சண்டை லாஸ் வேகாஸில் நடந்தது. 29 வெற்றி, தோல்வியே இல்லை என்ற கணக்கோடு 2020 அக்டோபரில் ஓய்வு அறிவித்தது அபுதாபியில். வித்தை ஓர் ஊரில், மெருகு இன்னோர் ஊரில், காசு வேறோர் ஊரில்.

தோவாளைப் பூச்சந்தையை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. செடிக்குத் தண்ணீர் ஊற்றி விடியுமுன் பூப்பறிப்பவரின் கையில் விலை இல்லை. ஓணத்துக்குக் கேரளத்தில் எவ்வளவு வேண்டும் என்பதில் விலை இருக்கிறது. ஆனாலும் தோவாளைக்கு ஒரு பலம் உண்டு. சந்தை அங்கேயே கூடுகிறது. வாங்க வருபவர் அங்கே வந்தாக வேண்டும்.

வளர்க்கும் ஊரே சம்பாதிப்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் எனக்குத் தெரியும். ஒன்று, அமெரிக்காவின் நியூமெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி. லாஸ் வேகாஸின் பகட்டு எதுவும் இல்லாத, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள ஊர். மூச்சுக்குப் பயிற்சி தரும் அந்த உயரமும் கிரெக் ஜாக்சன் என்ற பயிற்சியாளரின் பெயரும் ஜான் ஜோன்ஸ் போன்ற வெளியூர் வீரர்களை அங்கே குடியேறச் செய்தன. இன்னொன்று, தாய்லாந்தின் புக்கெட் தீவிலுள்ள சலோங் பகுதி. அங்கே சோய் தா-இயட் என்ற ஒற்றைத் தெரு முழுவதும் முவாய் தாய், எம்எம்ஏ கூடங்களும், அவற்றை ஒட்டிய விடுதிகளும், எடை பார்த்துச் சாப்பாடு போடும் உணவகங்களும், உடம்பு பிடித்துவிடும் கடைகளுமாக நிறைந்திருக்கிறது. அங்கே போகும் பலர் சண்டை பார்க்கப் போவதில்லை, கற்கப் போகிறார்கள். ஒரு வாரம், ஒரு மாதம், சிலர் ஆறு மாதம் தங்குகிறார்கள். 2024இல் தாய்லாந்து அறிமுகப்படுத்திய நீண்டகால விசாவில், முவாய் தாய் கற்பதும் தகுதியான காரணங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது.

ஓர் இரவு சண்டை பார்க்க வந்தவர் ஓர் இரவுக்குரிய பணத்தை விட்டுப்போகிறார். கற்க வந்தவர் காலைச் சாப்பாட்டிலிருந்து சலவை வரை முப்பது நாள் விட்டுப்போகிறார். அந்தப் பணம் அரங்க முதலாளியிடம் போவதில்லை, தெருவில் இருப்பவர்களிடம் போகிறது. லாஸ் வேகாஸில் இரண்டும் ஒரே ஊரில் இருப்பது விதிவிலக்கு.

அடிமுறை கற்றவருக்கு எம்எம்ஏவில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் அப்படியே எடுத்துப் போக முடியாது. காலடியின் ஒழுங்கும் தாழ்ந்து நிற்கும் பலமும் கைப்போரில் பழகிய தூரக் கணக்கும் களரியில் வளர்ந்த பிள்ளைக்கு முதல் நாளிலேயே தெரிகின்றன. சுவடு வைத்தவன் மேட் மீது எளிதில் சாய்வதில்லை. பிடி, பூட்டு ஆகியவற்றிலும் அடிமுறைக்குச் சொந்த அறிவு இருக்கிறது. ஆனால் எதிராளி முழுப் பலத்தோடு முரண்டுபிடிக்கும்போது பழகியிருக்கிறோமா என்பதே எம்எம்ஏவின் கேள்வி. ஆசானும் மாணவனும் ஒத்திசைந்து செய்யும் பூட்டும், வியர்வையில் வழுக்கும் ஓர் எதிரியின் கையில் போடும் பூட்டும் ஒன்றல்ல. தரையில் விழுந்த பின் செய்ய வேண்டியவற்றைப் புதிதாகவே கற்க வேண்டும். எனக்கே அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

வர்மத்தைப் பற்றி ஒரு சொல். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களைச் சொல்லும் மரபில், அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறை அறியாதவனுக்கு அடிக்கும் இடத்தைக் காட்டிக்கொடுப்பதில்லை. அந்த ஒழுக்கத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். கூண்டுக்குள் வர்ம அடி என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். அது மரபுக்கும் துரோகம், விளையாட்டுக்கும் உதவாது.

நாகர்கோவிலில் பெரிய போட்டி ஒன்றை நடத்தினால் ஊருக்கு லாபம் வராதா?

ஒரு நாள் கூட்டம் வரும். மேடை, கூண்டு, விளக்கு, ஒளிபரப்புக் குழு, பெயர் பெற்ற வீரர் அனைத்தும் சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வரும்; அவற்றுக்கான பணம் அதே வண்டியில் திரும்பிப் போகும். ஊரில் தங்குவது பந்தல் கூலியும் ஓட்டல் வாடகையும் காவல்துறை பாதுகாப்புக்குக் கட்டிய தொகையுமே. வடசேரியில் அண்ணா விளையாட்டு அரங்கம் இருக்கிறது. மக்களும் பார்க்க வருவார்கள். ஆனால் உள்ளூர் வீரர்கள் பத்துப் பேர் தயாராக இல்லாதபோது நடத்தப்படும் போட்டி, நம் பிள்ளைகளை வெளியூர்க்காரர் வெற்றிக் கணக்கை ஏற்றிக்கொள்ளும் படிக்கட்டாக்கிவிடும். இதை நான் நேரில் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் தொலைதூர நகரம் ஒன்றில் நடந்த போட்டிக்கு என் மாணவர் ஒருவரை அழைத்துப்போனேன். சொன்ன எதிராளிக்குப் பதிலாக இரண்டு எடைப் பிரிவு கூடுதலான ஒருவரை நிறுத்தினார்கள். கூண்டருகே மருத்துவர் இல்லை. சண்டை வேண்டாம் என்று மாணவரைத் திரும்ப அழைத்துவந்தேன். பயணச் செலவு எங்களுடையது. அந்த முடிவுக்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

அப்படியானால் மாவட்டம் எதைச் செய்யலாம்?

நாம் கற்பிக்கும் ஊராகலாம். கன்னியாகுமரிக்கு வருபவர்கள் சூரியோதயம் பார்த்து, படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய், 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து வள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் மறுநாளே கிளம்பிவிடுகிறார்கள். ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் அறை கிடைக்காது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அறைகள் காலியாகக் கிடக்கும். ஆனால் களரி மரபில் மழைக்காலமே பயிற்சிக்கும் எண்ணெய் தேய்த்து உடம்பைப் பதப்படுத்துவதற்கும் உகந்த காலம். விடுதிக்காரருக்கு வெறுமையான மாதமும் ஆசானுக்குச் சிறந்த மாதமும் ஒன்றாக அமைந்திருப்பதை நாம் இதுவரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பெங்களூரிலோ கொச்சியிலோ பயிற்சி செய்யும் ஓர் இளைஞர் ஆனி, ஆடி மாதங்களில் மூன்று வாரம் இங்கே தங்கி, காலையில் அடிமுறையின் சுவடும் மாலையில் மேட் மீது ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டையும் பழகிப் போகலாம். திருவனந்தபுரம் விமான நிலையம் நம் எல்லையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கிறது.

இதற்குத் தேவைப்படுபவை பெரிய அரங்கங்கள் அல்ல. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் மேட் மீது பூஞ்சை பிடிக்காத காற்றோட்டமான கூடம் வேண்டும். பல ஊர்க் கூடங்களின் பிள்ளைகள் மாதம் ஒருமுறை கூடி, வெற்றி தோல்வி எழுதாமல் பழகும் ஸ்பாரிங் நாள் வேண்டும். மார்த்தாண்டத்துப் பிள்ளையும் குளச்சல் பிள்ளையும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளாமல் தனித்தனி மாடிகளில் பழகுவதுதான் இன்றைய பெரிய குறை. தலைக்காயம் பற்றி அறிந்த ஒரு மருத்துவரின் மாத வருகையும், கற்பிப்பவர்களுக்கு முதலுதவிச் சான்றிதழும், பிள்ளைகளிடம் ஆசான் நடந்துகொள்ள வேண்டிய முறையை எழுதிவைத்த விதியும் வேண்டும். ஆசான்களுக்குத் தட்சிணையோடு நின்றுவிடாமல் முறையான கட்டணமும் கிடைக்க வேண்டும். வித்தையைக் காத்தவர் வீட்டில் அடுப்பு எரிவது முதலில் உறுதியாகட்டும்.

மகன் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ப் பயிற்சி பெற விரும்புகிறான். அனுப்பலாமா?

பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் வேண்டாம். அதுவரை இங்கேயே குத்துச்சண்டையிலோ மல்யுத்தத்திலோ ஜூடோவிலோ அடித்தளம் போடட்டும், பள்ளிப்படிப்பை முடிக்கட்டும். அதன் பிறகு போவது தேவைதான், ஏனென்றால் ஒரே எடையில் தன்னைவிடத் திறமையான பத்துப் பேரோடு நாள்தோறும் மோதும் வாய்ப்பு பெருநகரத்தில்தான் கிடைக்கும். நகரம் விற்கும் உண்மையான சரக்கு அதுவே. பளபளப்பான கூடங்கள் பலவற்றின் வருமானம் உடல் இளைக்க வரும் அலுவலகப் பணியாளர்களின் சந்தாவிலிருந்து வருகிறது. போட்டி வீரர்களுக்கு அங்கே தனி நேரமே இருக்காது. ஆகவே கூடத்தின் சுவரில் தொங்கும் படங்களைப் பார்க்காமல், மாலை ஏழு மணிக்கு மேட் மீது யார் இருக்கிறார்கள் என்று ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். வாடகை, சாப்பாடு, சந்தா, காயத்துக்கு ஒதுக்கும் பணம் ஆகியவற்றை ஓராண்டுக்கு முன்கூட்டியே எழுதிப் பார்க்க வேண்டும். வளைகுடாவுக்கு அனுப்பும்போது விசாவையும் சம்பளத்தையும் நாம் எவ்வளவு துருவி விசாரிப்போமோ, அவ்வளவு விசாரணை இதற்கும் வேண்டும்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்குமா?

எம்எம்ஏவை மட்டும் நம்பினால் இன்று கிடைக்காது. குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ ஆகியவற்றில் பெறும் சான்றிதழ்களுக்கே மதிப்பு. 2026ஆம் ஆண்டு ஜப்பானின் ஐச்சி–நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் எம்எம்ஏ சேர்க்கப்பட்டிருப்பதால் நிலைமை மாறலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதையும் கவனியுங்கள். அங்கீகாரம் மெதுவாகத்தான் வருகிறது.

பெண் பிள்ளைகளுக்கு இது ஏற்றதா?

ஏற்றதே. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்து, வூஷூ என்ற சீனத் தற்காப்புக் கலையில் தேசியப் பட்டங்கள் வென்ற பூஜா தோமர், 2024 ஜூனில் யூஎஃப்சியில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். படித்தவர்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் பெண்களைச் சேர்க்கத் தயங்கும் பெற்றோரைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாலை எட்டு மணிக்கு வகுப்பை முடித்துப் பேருந்து நிலையம் வரை துணைக்கு வர ஆளை ஏற்பாடு செய்வது கூடத்தின் பொறுப்பு. அதைச் செய்யாத கூடத்தை மாற்றுங்கள்.

தலையில் அடிபட்டால் என்ன ஆகும்? எடை குறைப்பது ஆபத்தா?

இரண்டும் ஆபத்தானவை. இவற்றை மறைத்துப் பேசும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள். நெவாடாவில் உரிமம் பெற வேண்டுமானால் மூளை ஸ்கேன், கண் பரிசோதனை, எச்ஐவி, கல்லீரல் அழற்சிக்கான இரத்தப் பரிசோதனைகள் கட்டாயம். தலையில் அடிபட்டு வீழ்ந்தவரை ஆணையத்தின் மருத்துவர் பல வாரங்களுக்குப் போட்டியிலிருந்து விலக்கிவைப்பார். அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோன்ற சட்டபூர்வமான ஆணையம் இந்தியாவில் இல்லாததால், அந்த விலக்கலை இங்கே பயிற்சியாளரும் பெற்றோருமே செய்ய வேண்டியிருக்கிறது. அடிபட்ட பிறகு வாந்தி, தலைசுற்றல், கேட்டதையே திரும்பக் கேட்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தடவிவிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஸ்கேன் வசதியுள்ள வேறு மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோக வேண்டும். இளக்குமுறையில் எனக்கு மதிப்பு உண்டு. மண்டைக்குள் இரத்தம் கசிகிறதா என்பதை அது காட்டாது.

எடையைப் பொறுத்தவரை, 2015 டிசம்பரில் மணிலாவில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற நிறுவனத்தின் போட்டிக்காக உடலின் நீரை வற்றச்செய்து எடை குறைத்த 21 வயதுச் சீன வீரர் ஒருவர் உயிரிழந்தார். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம் அதன்பின் உடலின் நீர்ச்சத்தையும் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. என் கூடத்தில் வியர்வைச் சட்டை போட்டு வெயிலில் ஓடுவதை அனுமதிப்பதில்லை. நடக்கும் எடையிலேயே போட்டியிடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதல் போட்டிக்குக் கையெழுத்திடும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

அது அமெச்சூர் போட்டியா, தொழில்முறைப் போட்டியா என்பதை முதலில் கேளுங்கள். தொழில்முறையாக ஒரு சண்டை பதிவாகிவிட்டால் பெரும்பாலான அமெச்சூர் போட்டிகளுக்குத் திரும்ப முடியாது. எதிராளியின் பெயர், எடை, இதுவரை அவர் ஆடிய சண்டைகள் ஆகியவை தாளில் இருக்க வேண்டும். எதிராளி மாறினால் விலகும் உரிமையும், கடைசி நேரத்தில் அவர் வராவிட்டால் ஏறுவதற்கான தொகை கிடைக்குமா என்பதும் அதில் இருக்க வேண்டும். ரயில் கட்டணம், தங்குமிடம், உடன் வரும் பயிற்சியாளரின் செலவு யாருடையவை என்று எழுதி வாங்குங்கள். காயத்துக்கான மருத்துவச் செலவு போட்டி நடந்த இரவோடு முடிகிறதா, ஊர் திரும்பிய பிறகு செய்யும் சிகிச்சைக்கும் உண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள். வேறு அமைப்பில் எத்தனை மாதம் சண்டையிடக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். மருத்துவரின் பெயரும் ஆம்புலன்ஸ் ஏற்பாடும் கேட்டவுடன் சொல்லப்படாவிட்டால் அந்தப் போட்டிக்குப் போக வேண்டாம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், அதை வரிவரியாகத் தமிழில் சொல்லக்கூடிய ஒருவரை, முடிந்தால் நாகர்கோவில் நீதிமன்றத்தில் பழகும் ஒரு வழக்கறிஞரை, வீட்டுக்கு அழைத்து எல்லாரும் உட்கார்ந்து கேளுங்கள். கையெழுத்தான நகல் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ரயிலேறுங்கள்.